மலை தெரியும் மனை வாங்குவது எப்படி?

தேனிப் பக்கம் இடம் வாங்க வருகிறவர்களில் இரண்டு வகை. தண்ணீரைப் பார்த்து வாங்குகிறவர்கள் ஒரு வகை. அவர்களுக்கு இந்தக் கையேடு தேவையில்லை. எந்தக் கிணறு எந்த மாதம் வற்றும் என்பதுவரை விசாரித்துவிட்டுத்தான் டீ குடிக்கவே உட்காருவார்கள். மலையைப் பார்த்து வாங்குகிறவர்கள் அடுத்த வகை. தேக்கடிக்குப் போய்த் திரும்பும் வழியில் கூடலூர்ப் பக்கம் திராட்சைத் தோட்டத்தில் காரை நிறுத்தி, பந்தலுக்குக் கீழே குனிந்து நின்று படம் எடுத்துக்கொண்டு, "ரிட்டயர் ஆனதும் பேசாம இங்க வந்துரலாம்" என்று வீட்டுக்காரம்மாவிடம் சொன்னவர்கள். அந்த வார்த்தை வாயிலிருந்து வந்துவிட்டால் பிறகு மீட்சி கிடையாது. முறைப்படி எப்படி மாட்டிக்கொள்வது என்பதையாவது பார்ப்போம்.

முதலில் மாதம். ஐப்பசி, கார்த்திகையில் வாருங்கள். வடகிழக்குப் பருவமழை பெய்து மலை கழுவிவிட்டதுபோல் நிற்கும். சுருளியில் தண்ணீர் விழும். வயலில் பச்சை இருக்கும். அந்த ஒரு வாரத்திலேயே அட்வான்ஸ் கொடுத்துவிட வேண்டும். யோசிக்கிறேன் என்று ஊருக்குப் போய்விட்டுச் சித்திரையில் திரும்பி வரக் கூடாது. சித்திரையில் மலை காய்ந்த புல் நிறத்துக்கு மாறியிருக்கும். ராத்திரியில் ஏதாவது ஒரு சரிவில் தீ வரிசையாக ஏறுவது கீழேயிருந்து தெரியும். 2018 மார்ச்சில் குரங்கணி மலைக்குப் போனவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்ததும் இப்படியொரு கோடையின் தொடக்கத்தில்தான். அதை வைத்துக் கேலி பேச மனம் வரவில்லை. அடுத்த மாதத்துக்குப் போகிறேன்.

ஆனி, ஆடியில் வரவே வராதீர்கள். தென்மேற்குப் பருவக்காற்று மழையையெல்லாம் இடுக்கியில் இறக்கி வைத்துவிட்டு, மலை இடுக்குகள் வழியாக வெறுங்கையோடு இந்தப் பக்கம் இறங்கும். ஊரில் இதற்கு மேக்காத்து என்று பெயர். கூடலூர், லோயர்கேம்ப் பக்கம் கொஞ்சம் சாரலாவது கூட வரும்; ஆண்டிபட்டிப் பக்கம் போகப் போக மண் மட்டும்தான் வரும். துவைத்துக் காயப்போட்ட வேட்டியை அடுத்த தெருவில் போய் எடுத்து வர வேண்டியிருக்கும். கண்டமனூர், ஆண்டிபட்டி வட்டாரத்தில் காற்றாலைகள் சும்மா நிற்கவில்லை. அந்தக் கம்பெனிக்காரர்கள் ஆனி, ஆடிக் காற்றின் கணக்கைப் பார்த்து இடம் எடுத்தவர்கள். நீங்கள் கார்த்திகையில் வந்து பார்த்தவர். இரண்டு பேரும் வாங்குவது ஒரே மண்ணைத்தான்.

வீட்டில் எதிர்ப்பு வந்தால்

வரும். "ஆஸ்பத்திரி எங்க இருக்கு?" என்று கேட்பார்கள். க.விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, அதற்கு மேல் என்றால் மதுரை என்று உண்மையைச் சொன்னால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். அதற்குப் பதில் விஞ்ஞானம் பேசுங்கள். 1984-ல் ரோஜர் உல்ரிச் என்பவர் 'சயின்ஸ்' இதழில் ஓர் ஆய்வு வெளியிட்டார். பென்சில்வேனியாவில் ஓர் ஆஸ்பத்திரியில் பித்தப்பை அறுவை செய்துகொண்டவர்கள். பாதிப் பேருக்கு ஜன்னல் வழியே மரம் தெரிந்தது, பாதிப் பேருக்குச் செங்கல் சுவர். மரம் தெரிந்தவர்கள் சீக்கிரம் வீட்டுக்குப் போனார்கள், வலி மாத்திரையும் குறைவாகக் கேட்டார்கள். இதை மலைக்கும் நீட்டிக்கொள்ளலாம். ஆனால் அந்த ஜன்னல் இருந்தது ஆஸ்பத்திரிக்குள்ளே என்பதை யாராவது எடுத்துச் சொல்வதற்குள் அடுத்த ஆதாரத்துக்குத் தாவிவிட வேண்டும்.

அது அமெரிக்க வேளாண்மைத் துறையிலிருந்து வருகிறது. 1999-ல் டேவிட் மக்கிரானஹான் என்ற ஆய்வாளர், மக்கள் எந்த மாவட்டத்தை நோக்கிக் குடிபெயர்கிறார்கள் என்று பார்த்து, ஆறு விஷயங்களை வைத்து மாவட்டங்களுக்கு மார்க் போட்டார். குளிர்காலத்தில் கதகதப்பு, குளிர்காலத்தில் வெயில், கோடையில் மிதமான சூடு, கோடையில் புழுக்கமின்மை, மேடுபள்ளமான நிலம், தண்ணீர்ப் பரப்பு. கம்பம் பள்ளத்தாக்கை இந்தப் பரீட்சைக்கு உட்கார வைத்துப் பார்த்தேன். முதல் இரண்டிலும் முழு மார்க். மேடுபள்ளத்தில் பள்ளத்தாக்கை அடிக்க ஆளில்லை. தண்ணீருக்கு வைகை அணை இருக்கிறது. கோடை சம்பந்தமான இரண்டு கேள்விகளைச் சாய்ஸில் விட்டுவிடலாம்.

இதே பட்டியலுக்கு ஒரு பின்கதை உண்டு. 2015-ல் வாஷிங்டன் போஸ்ட் நிருபர் கிறிஸ்டோபர் இங்கிரகாம், பட்டியலில் கடைசியில் கிடந்த மினசோட்டாவின் ரெட் லேக் மாவட்டத்தைப் பற்றி, குடியிருக்க அமெரிக்காவிலேயே மோசமான இடம் என்று எழுதிவைத்தார். அந்த ஊர்க்காரர்கள் கோபப்பட்டார்கள், பிறகு வந்து பாருமய்யா என்று கூப்பிட்டார்கள். போனார். அடுத்த வருஷமே மனைவி, பிள்ளைகளோடு அங்கேயே குடியேறிவிட்டார். மலையும் இல்லை, சொல்லிக்கொள்ளும்படி காட்சியும் இல்லை. ஜனம் நன்றாக இருந்தது, வீட்டுச் செலவு கட்டுப்படியானது. இந்தக் கதையை வீட்டில் மறந்தும் சொல்லிவிடாதீர்கள்.

புரோக்கர்

தேட வேண்டியதில்லை. டீக்கடை வாசலில் நின்று மேற்கே ஒரு நிமிஷம் சேர்ந்தாற்போல் பார்த்தால் போதும், பக்கத்தில் ஒரு பைக் வந்து நிற்கும்.

"என்னண்ணே, எடம் எதுவும் பாக்குறீகளா?"

"சும்மா மலையப் பாத்துக்கிட்டிருந்தேன்."

"மலையை ஒட்டியே நம்மகிட்ட இருக்குண்ணே. அஞ்சு சென்ட்டோ பத்து சென்ட்டோ, எப்படி வேணாலும் பிரிச்சுக்கலாம். காலைல சன்னலத் தொறந்தீகன்னா மேகம் உள்ள வந்துட்டுப் போகும்."

"கொசு?"

"மேகம் வர்ற எடத்துல கொசுவுக்கு என்னண்ணே வேலை?"

"தண்ணி?"

"தண்ணிக்கென்ன, எறநூறு அடியில கெடக்கு."

கடைசிப் பதிலைச் சொல்லும்போது அவர் உங்கள் முகத்தைப் பார்க்க மாட்டார். பைக் சாவியைப் பார்ப்பார். அதை நீங்கள் கவனிக்கக் கூடாது. மலையைப் பாருங்கள்.

ஊர்க்காரர்கள் செய்ததற்கு நேர் எதிராக

இடம் தேர்ந்தெடுக்கச் சுலபமான வழி, பழைய ஊர்கள் எங்கே இருக்கின்றன என்று பார்த்துவிட்டு அங்கே வாங்காமல் இருப்பது. கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி என்று முல்லையாற்றை ஒட்டி வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. ஆற்றுக்கு அருகே, ஆனால் ஒரு சாண் வயலைக்கூட வீணாக்காமல், மேட்டுப்பாங்கான இடத்தில் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். வாசல் கிழக்கே பார்த்திருக்கும். மேற்கு மலை கொல்லைப்புறத்தில் கிடக்கும். அந்தப் பக்கம் இருப்பது வைக்கோல் படப்பும் மாட்டுத் தொழுவமும். இவ்வளவு அழகான காட்சியை மாட்டுக்கு விட்டுக்கொடுத்த சமுதாயம் வேறெங்காவது உண்டா என்று ஒரு பெரியவரிடம் கேட்டேன்.

"மலை எங்கிட்டுப் போகப் போகுது தம்பி? அது பாட்டுக்கு இருக்கும். பன்னி எறங்காம, வெள்ளம் ஏறாம, மாட்டுக்குத் தண்ணி காட்ட நடக்காம இருக்கணும்ல, அதைப் பாத்துத்தான் கட்டுனாக."

வள்ளுவரும் இந்தக் கட்சிதான். 'நாடு' அதிகாரத்தில் நாட்டுக்கு உறுப்பு எது எது என்று சொல்லும்போது மலையைச் சேர்க்கிறார், ஆனால் தண்ணீர்க் கணக்கில் வைத்துத்தான். சங்கப் புலவர்களோ மலையைக் குறிஞ்சி என்று பிரித்துக் காதலர்கள் சந்தித்துக்கொள்ள ஒதுக்கினார்கள். குடும்பம் நடத்தியது பெரும்பாலும் மருதத்தில். அங்கேதான் ஊடலும் வரும், சோறும் வரும்.

மலையில் குடியிருந்தே தீர வேண்டும் என்று வந்தவர்கள் வேறு ஆட்கள். மதுரையில் வேலை பார்த்த அமெரிக்க மிஷனரிகள் சமவெளியின் சூட்டுக்கும் நோய்க்கும் தப்ப, 1845-ல் கொடைக்கானலில் முதல் இரண்டு பங்களாக்களைக் கட்டினார்கள். மோட்டார் ரோடு வருகிறவரை பெரியகுளம் பக்கத்து அடிவாரத்திலிருந்துதான் மேலே போனார்கள். அதாவது, தூக்கிக்கொண்டு போகப்பட்டார்கள். காட்சியைப் பார்த்தது நாற்காலியில் இருந்தவர். தூக்கியவர் அடுத்த அடியை எங்கே வைப்பது என்று பார்த்துக்கொண்டிருந்தார். இன்றைக்கும் விடிவதற்கு முன்னால் போடி, கம்பம், கூடலூர்த் தெருக்களில் ஜீப்புகள் நிற்கும். தூக்குவாளியும் தலைத்துண்டுமாகப் பெண்கள் நெருக்கிக்கொண்டு ஏறுவார்கள். போடிமெட்டு, கம்பம்மெட்டு வழியாகக் கேரள ஏலத்தோட்டங்களுக்கு. இந்த மலைகளை மிக அதிகமாகப் பார்க்கிறவர்கள் அவர்கள்தான். சாயங்காலம் இறங்கி வந்து கீழே, ஊருக்குள், பைப்புக்கும் பஸ்ஸுக்கும் பக்கத்தில் குடியிருக்கிறார்கள்.

நீங்கள் அவர்களைப் பின்பற்ற வேண்டாம். அடிவாரத்தில் தனியாக, தோட்டத்துக்கு நடுவில் வாங்குங்கள்.

பச்சை இலவசம்

பிளாட் காட்டும்போது புரோக்கர் மலையை மட்டும் காட்டுவதில்லை. மலைக்கும் உங்களுக்கும் நடுவிலிருக்கும் வயலையும் சேர்த்துத்தான் காட்டுவார். விலையில் பாதி அந்தப் பச்சைக்கு. அது யாருடையது என்று கேட்காதீர்கள். கேட்டால் கதை பென்னிகுவிக்கில் ஆரம்பிக்கும். மேற்கே கடலுக்குப் போய்க்கொண்டிருந்த பெரியாற்றை அணை கட்டி மறித்து, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பினார். 1895-ல் தண்ணீர் இந்தப் பக்கம் வந்தது. குமுளி மலைப்பாதையில் போகும்போது லோயர்கேம்ப் மின்நிலையத்துக்கு இறங்கும் ராட்சதக் குழாய்களைப் பார்த்திருப்பீர்கள். நீங்கள் இயற்கை என்று படம் எடுக்கும் பச்சை அந்தக் குழாய் வழியாகத்தான் வருகிறது. லோயர்கேம்பிலிருந்து பழனிசெட்டிபட்டிவரை 14,707 ஏக்கர் இருபோக நெல். வழக்கமாக ஜூன் 1-ல் முதல் போகத்துக்குத் திறப்பார்கள். அணையில் 142 அடிவரை தேக்கலாம் என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன அன்று இந்தப் பள்ளத்தாக்கில் வெடி வெடித்தார்கள். பென்னிகுவிக் பிறந்த ஜனவரி 15-ல் இங்கே பொங்கல் வைக்கிறார்கள். ஒரு என்ஜினீயருக்குப் பொங்கல் வைக்கிற ஊரில் வந்து, "என்ன இயற்கை, என்ன இயற்கை" என்று நீங்கள் சொல்லும்போது ஊர்க்காரர்கள் மரியாதைக்காகத் தலையாட்டுகிறார்கள்.

ஏரி வியூ வேண்டுமென்றால் வைகை அணைப் பக்கம் பாருங்கள். 1959-ல் திறந்தது, 71 அடி. அந்தத் தண்ணீருக்கு அடியில் ஊர்கள் இருக்கின்றன. கவிஞர் வைரமுத்து பிறந்த மெட்டூர் அதில் ஒன்று. அந்தக் கதையை அவர் 'கள்ளிக்காட்டு இதிகாச'மாக எழுதி, 2003-ல் சாகித்திய அகாதமி விருதும் வாங்கிவிட்டார். நீங்கள் எழுத ஒன்றும் மிச்சமில்லை. நாற்காலி போட்டு உட்காரலாம்.

சொல்ல வந்தது வயலைப் பற்றி. நீங்கள் வாங்கப்போகும் பத்து சென்ட்டும் கொஞ்ச நாள் முன்புவரை வயல்தான். வாய்க்காலின் கடை மடையில் இருந்த வயல். மூன்று வருஷம் தரிசாகப் போட்டு, கல் ஊன்றி, நடுவில் முப்பதடிக்குச் செம்மண் ரோடு போட்டு, முகப்பில் ஏதோ ஒரு வியூ என்று வளைவு வைத்தாயிற்று. நீங்கள் வாங்கிய விலை ஊருக்குத் தெரிந்ததும் உங்கள் எதிர் வயல்காரர் ராத்திரி தூங்க மாட்டார். உங்களுக்கு மலையைக் காட்டிக்கொண்டிருக்கும் வயல் அவருடையதுதான்.

பத்திரம்

இதில் நேரம் கடத்த வேண்டாம். மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, டிடிசிபி அனுமதி என்று எல்லோரும் சொல்லும் பட்டியல்தான். அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2016-ல் தடை போட்ட பிறகு எல்லாப் புரோக்கருக்கும் சட்டம் தெரியும். அடிவாரக் கிராமமாக இருந்தால் 'ஹாக்கா' என்ற சொல்லை ஒருமுறை உச்சரித்துப் பாருங்கள். மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் அனுமதி வேண்டிய கிராமமாக இருந்தால் பைக் தானாகவே கிளம்பிவிடும். ஓடைப் புறம்போக்கை மட்டும் நேரில் நடந்து பாருங்கள். வரைபடத்தில் மெலிசாக ஒரு கோடாகக் கிடப்பது, மலையில் மழை பெய்தால் உங்கள் வரவேற்பறை வழியாகத் தன் பழைய பாதையை ஞாபகப்படுத்திக்கொள்ளும்.

குடியேறிய பிறகு

ஜன்னல் மேற்கே வைப்பீர்கள், மலைக்காக. வெயிலும் மேற்கிலிருந்துதான் வரும். மத்தியானம் மூன்று மணிக்குத் திரை போட்டால், சூரியன் மலைக்குப் பின்னால் போன பிறகுதான் எடுக்க முடியும். அது சமவெளியைவிடச் சீக்கிரமே போய்விடும். அப்புறம் இருட்டு.

பக்கத்துத் தோட்டம் திராட்சை. 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய கம்பம் பன்னீர் திராட்சை; சொந்தக்காரர்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். வருஷம் முழுக்க எங்காவது ஒரு தோட்டத்தில் காய் இருக்கும், எங்காவது ஒன்றில் கவாத்து நடக்கும், எங்காவது ஒன்றில் மருந்து அடிப்பார்கள். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை காய்ந்ததும் இலையெல்லாம் வெளிறிய நீலம் பூசிக் கிடக்கும். கல்தூண், கம்பி, அடிப்பவர் சட்டை எல்லாம் அதே நிறம். அது சாதுவான மருந்து. மற்றவற்றின் பெயர்கள் உங்களுக்கு மூக்கு வழியாகத் தெரியவரும். மேகம் வரும் என்று திறந்த ஜன்னலை இதற்காக மூடுவீர்கள்.

காட்டு உயிர்கள் மேல் ஆசை இருந்தால் அதுவும் கிடைக்கும். 2023 மே மாதக் கடைசியில் அரிக்கொம்பன் யானை கம்பம் நகரத் தெருக்களிலேயே ஓடியது. சின்னக்கானலில் பிடித்துப் பெரியாறு காட்டுக்குள் கொண்டுபோய் விட்டிருந்த யானை. தனக்குத் தெரிந்த இடத்தைத் தேடி வந்த வழியில் ஊர் இருந்தது. ஓர் உயிர் போனது. ஜூன் 5-ல் மயக்க ஊசி போட்டுக் களக்காடு பக்கம் கொண்டு போனார்கள். எந்த இடத்தில் வாழ்வது என்பதில் அந்த யானைக்கும் ஒரு விருப்பம் இருந்தது. அதை யாரும் கேட்கவில்லை.

கலை வளரும் என்று நினைத்து வருகிறீர்களா? பண்ணைப்புரத்தில் இளையராஜா, அல்லிநகரத்தில் பாரதிராஜா, வடுகபட்டியில் வைரமுத்து என்று இந்த மண் கொடுத்திருப்பது உண்மைதான். மூன்று பேரும் செய்த முதல் காரியம் சென்னைக்குப் போனது. இந்த மலைகளைப் பற்றிய பாட்டெல்லாம் கோடம்பாக்கத்தில் ஒலிப்பதிவானவை. இங்கேயே இருந்து மலையைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்குப் பாட்டு வருமா என்பதற்கு இதுவரை தடயமில்லை. படம் பார்ப்பதானால் 2018-ல் லெனின் பாரதி எடுத்த 'மேற்குத் தொடர்ச்சி மலை'யைப் பாருங்கள், இதே அடிவாரம்தான். மலையில் சுமை தூக்கும் ரெங்கசாமிக்குக் கையகலம் நிலம் வாங்க ஆசை. வாங்குவதற்குள் ஆயுள் தேய்கிறது. கடைசியில் காற்றாலைக்குக் காவலாளியாகத் தன் நிலத்திலேயே நிற்கிறார். பத்திரம் பதிவதற்கு முதல் நாள் மட்டும் பார்க்க வேண்டாம்.

எதிர்வீடு

எதிர் வயலும் பிளாட் ஆகி, அதில் ஒருவர் வீடு கட்டத் தொடங்குவார். உங்களைப் போலவே ரிட்டயர் ஆனவர், நல்ல மனிதர், அஸ்திவாரப் பூஜைக்குச் சுண்டல் கொண்டுவந்து கொடுப்பார். தரைத்தளம்வரை ஒன்றும் தெரியாது. மாடிக்குக் கம்பி கட்டும்போதுதான் மலையின் இடுப்புவரை மறைந்திருப்பதைப் பார்ப்பீர்கள்.

வக்கீலிடம் ஓடாதீர்கள். 1882-ஆம் வருஷத்து ஈஸ்மெண்ட் சட்டத்தில் இருபது வருஷம் தடையில்லாமல் ஜன்னலுக்கு வந்த வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் உரிமை கேட்க வழியிருக்கிறது. மலை தெரிந்துகொண்டிருந்ததற்கு அப்படி ஒரு பிரிவு இல்லை. இங்கிலாந்தில் 1610-லேயே ஆல்ட்ரெட் வழக்கில், வெளிச்சத்தை மறித்தால் வழக்குப் போடலாம், கண்ணுக்கு இனிய காட்சியை மறித்தால் முடியாது என்று முடித்துவிட்டார்கள். பத்து சென்ட்டுக்குக் கிரயம் கொடுத்தீர்கள். மலைக்குக் கொடுத்தது நம்பிக்கைப் பணம்.

ஆகவே நீங்களும் ஒரு மாடி எடுங்கள். அவர் அதற்கு மேல் ஷீட் போடுவார். நீங்கள் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போடுங்கள். அதற்குள் முழங்கால் இரண்டும் படியைப் பற்றிப் பேச ஆரம்பித்திருக்கும். மேலே ஏறுவது வாரத்துக்கு ஒருநாள், பிறகு விருந்தாளி வந்தால் மட்டும் என்று ஆகும். மாடியை வாடகைக்கு விட்டுவிடுவதுதான் புத்திசாலித்தனம். பள்ளிக்கூட வாத்தியாரோ பேங்க் ஊழியரோ வருவார். போர்த் தண்ணி உப்பா, மோட்டார் எத்தனை மணிக்குப் போடுவீங்க, கம்பம் பஸ் இங்கே நிற்குமா, பைக்கை உள்ளே விடலாமா என்று கேட்டுவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பாமலே இறங்கிப் போவார். அவருக்கு ஊர் வாடகை சொல்லுங்கள். யாராவது ஏறியதும் ஏறாததுமாக மேற்கு ஜன்னலைத் திறந்து, "அடேங்கப்பா, மலை!" என்றால் வெளியூர்க்காரர், அட்வான்ஸைக் கூட்டிச் சொல்லுங்கள்.